வம்சாவளிச் சங்கத்தில் வருடம் முழுக்க என்னதான் செய்வார்கள்? சேர்ந்தால் என் முன்னோரைக் கண்டுபிடித்துத் தருவார்களா?

தரமாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் சங்கத்தில் ஜனவரியில் ஆர்வமாகச் சேருகிறவர்களில் பாதிப் பேர் ஏப்ரலுக்குள் காணாமல் போவது இந்த ஒரு எதிர்பார்ப்பால்தான். நான் 9 வருடமாக உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் இருக்கிறேன், அதில் 4 வருடம் செயலாளர். என் அனுபவத்தில் சங்கம் நமக்குச் செய்யும் பெரிய உபகாரம், நாம் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பதைத் தப்பு என்று காட்டுவது.

வருடம் பொதுக்கூட்டத்தில் தொடங்கும். வரவு செலவு வாசிப்பார்கள், ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார். செயலாளர் பதவி என்றதும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அடுத்த மாதம் புதியவர்களுக்கான வகுப்பு. உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போ என்பதுதான் முதல் பாடம். 'எங்கள் வம்சத்தில் ஒரு தளபதி இருந்தாராம்' என்று அங்கிருந்து கீழே இறங்கி வருகிறவர்கள் எப்படியும் தங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். வழியில் சான்று மட்டும் இருக்காது. இரண்டாவது பாடம் எண்முறை. நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணை இரட்டித்தாலும் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. 1590-இல் மிக்கேல் ஐட்சிங்கர் அச்சிட்ட நூலில் இருக்கும் முறை இது, இன்றைக்கும் இதைவிட எளிதாக ஒன்று வரவில்லை. வகுப்பில் ஒருவராவது கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திகைப்பார்: 10 தலைமுறை பின்னால் போனால் 1,024 பேர், 30 தலைமுறை போனால் 107 கோடி. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது. உறவுக்குள் நடந்த திருமணங்களால் ஒரே ஆள் பல இடங்களில் வருகிறார், அவ்வளவுதான் விஷயம். தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள்: அவனுக்கு அப்பா வழியில் 4-ஆம் எண்ணாக இருக்கும் தாத்தாவே அம்மா வழியில் 14-ஆம் எண்ணாக, பூட்டனாகவும் உட்கார்ந்திருப்பார்.

மார்ச் தொடங்கி ஆறேழு மாதம் ஓடுவது அட்டவணை வேலை. சங்கத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆள் பிடிக்கச் சிரமமானதும் இதுதான். பழைய பிறப்பு, திருமண, அடக்கப் பதிவேடுகளின் படங்களை வைத்துக்கொண்டு வரி வரியாகக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றுவார்கள். இருவரும் வேறுபடும் இடங்களை மட்டும் மூன்றாவது ஆள் பார்த்து முடிவு செய்வார். மேலே உள்ளதே என்பதற்கு எழுத்தர் போட்ட இரண்டு சிறு கோடுகளை 11 என்று வாசித்து, ஒரு பக்கம் முழுக்க எல்லோருக்கும் 11 வயதாக்கிய பெருமை எனக்கு உண்டு.

பெயர்கள் இன்னும் மோசம். சொன்னவருக்கு எழுதத் தெரியாது, எழுதியவருக்கு அந்த மொழி தெரியாது, காதில் விழுந்ததுதான் பதிவு. ஒரே ஆள் மூன்று பதிவேட்டில் மூன்று விதமாக இருப்பார். நம் ழகரத்தை அயல்மொழி எழுத்தர்கள் படுத்திய பாட்டைத் தனியாகவே எழுதலாம். இதைச் சமாளிக்கத்தான் ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் சவுண்டெக்ஸ் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் எழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துகளை உதறிவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே இலக்கம் கொடுக்கும் முறை. நல்ல யோசனைதான். ஆனால் கேத்தரின் என்பதை ஒருவர் 'சி'யிலும் இன்னொருவர் 'கே'யிலும் தொடங்கினால் அது கையை விரித்துவிடும். அதனால் எங்கள் விதி: இருப்பதை இருக்கிறபடியே ஏற்று, திருத்தாதே, ஊகத்தைத் தனிக் கட்டத்தில் எழுது.

என் கதைக்கு வருகிறேன். என் தந்தை வழிப் பூட்டனின் பிறப்புப் பதிவைச் சங்கத்தில் சேருவதற்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தேன். பெயர் சரி, தகப்பன் பெயர் சரி, ஊர் சரி, வருடம் ஏறக்குறைய சரி. அங்கிருந்து ஓட்டன், அவருக்கு மேலே இன்னும் இரண்டு தலைமுறை என்று கொடிவழி வளர்ந்தது. சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சடித்து உறவினர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வருடம், அடக்கப் பதிவேட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அக்கா கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, உங்க பூட்டன் எட்டு மாசத்துலயே இறந்துட்டாரே" என்றார். அதே பெயர், அதே தகப்பன், அதே ஊர். எட்டு மாதக் குழந்தைக்கு நான் கல்யாணம் செய்துவைத்து நான்கு பிள்ளைகளும் கொடுத்திருந்தேன்.

இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது உலகில் பல இடங்களில் நடந்த விஷயம், என் பூட்டன் அந்த அடுத்த குழந்தையாக இருக்கலாம் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேடினால் அதுவும் இல்லை. அதே தெருவில் அதே பெயரில் இரண்டு தகப்பன்கள். நான் ஏறியது பக்கத்து வீட்டு ஏணியில். 41 பேரை அழித்தேன். அவர்களில் ஒருவருடைய தொழிலைப் பற்றி அதற்குள் எனக்கு ஒரு பெருமிதமே வந்துவிட்டிருந்தது, அவரை அழிக்க மட்டும் இரண்டு நாள் ஆனது. சரியான பூட்டனின் தகப்பன் யார் என்பது இன்றுவரை காலிக் கட்டம்தான். அந்த அக்காவுக்கும் என் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தன் ஆட்களைத் தேடிச் சங்கத்துக்கு வந்தவர், எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார்.

வருட நடுவில் கல்லறைகளைப் பதிவெடுக்கும் நாள் ஒன்று உண்டு. சேருகிறவர்கள் பெரும்பாலும் இதற்காகவே தங்கிவிடுகிறார்கள், வெளியே போகிறோம் இல்லையா. கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. எழுத்து தெரிவதற்காகச் சவர நுரை பூசும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அதில் உள்ள அமிலம் கல்லைத் தின்னும். ஒரு கண்ணாடியைப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தாலே போதும், மழுங்கிய எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். உங்கள் ஆளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வரக் கூடாது, வரிசை முழுவதையும் எடுக்க வேண்டும். பக்கத்தில் கிடப்பவர் மாமனாராக இருக்கலாம். கல்லில் வெட்டியிருப்பதால் தேதி சரியாகத்தான் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். பல கற்கள் இறந்து பல வருடம் கழித்து, நினைவிலிருந்து சொல்லி வெட்டியவை.

மாதாந்திரப் பேச்சுகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சிலது தூக்கம் வரும், சிலது பிரமாதம். போன வருடம் 'எரிந்துபோன பதிவேடுகள்' என்று ஒரு பேச்சு. அமெரிக்காவின் 1890 மக்கள்தொகைக் கணக்கு 1921-இல் தீப்பிடித்துப் பெரும்பகுதி போனது, அயர்லாந்தின் ஆவணக் காப்பகம் 1922 உள்நாட்டுப் போரில் எரிந்தது, இங்கிலாந்து, வேல்ஸின் 1931 கணக்கு 1942-இல் எரிந்தது. போர் காரணமாக 1941-இல் அங்கே கணக்கே எடுக்கவில்லை. 100 வருடம் பூட்டி வைக்கும் விதிப்படி 1921-க்கு அடுத்து அங்கே திறக்கப்போவது 1951 கணக்கு, அதற்கு 2052 வரை காத்திருக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த 80 வயதுப் பெரியவர் ஒருவர் நாட்குறிப்பை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார்.

டிஎன்ஏ பரிசோதனை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பொதுக்கூட்டத்தில் யாரும் முடிவைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்கு ஒரு விதி உண்டு, காரணத்தோடு வந்த விதி. சுமார் 25 சதவீதம் பொருந்துகிற ஒருவர் தாத்தாவாக இருக்கலாம், சித்தப்பாவாக இருக்கலாம், பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான சகோதரனாகவும் இருக்கலாம். எண் ஒன்றுதான். ஒரு முறை பத்துப் பேர் நடுவில் ஓர் உறுப்பினர் அப்படியொரு பெயரைத் திரையில் பார்த்தார், வயதைப் பார்த்தால் மூன்றாவதைத் தவிர வேறு வழியில்லை. அன்றைக்குக் கூட்டம் அத்தோடு கலைந்தது.

வருடக் கடைசியில் பெட்டிகள் வரும். காலமான உறுப்பினர்களின் வீட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். நூற்றுக்கணக்கில் புகைப்படங்கள், பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்காது. வாழ்நாள் முழுக்கப் பெயர் தேடியவர்களே தங்கள் வீட்டுப் படங்களில் பெயர் எழுதாமல் போயிருப்பார்கள். தயவுசெய்து சங்கத்தில் சேராவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்: படத்தின் பின்னால், ஓரமாக, மென்மையான பென்சிலால் பெயரும் வருடமும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முகத்தில் தடம் விழும். லேமினேஷன் வேண்டாம், இரும்பு கிளிப் வேண்டாம். 'நான், தம்பி, அம்மா' என்று எழுதாதீர்கள்; யாருடைய அம்மா என்று பெட்டியைத் திறக்கிறவனுக்குத் தெரியாது.

சேரலாமா என்று கேட்டீர்கள். சேருங்கள். யார் யாரைத் தேடுகிறார்கள் என்று குறித்து வைக்கும் ஆர்வப் பட்டியல் ஒன்று இருக்கும், முதல் நாளே உங்கள் குடும்பப் பெயர்களை எழுதி அதில் கொடுத்துவிடுங்கள், பிறகு அதை மறந்துவிட்டு யாரோ ஒருவருடைய பதிவேட்டை ஏற்ற உட்காருங்கள். எந்த மாதத்திலும் வரலாம். ஜனவரிப் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாக வாருங்கள், செயலாளர் தேர்தல் முடிந்தபிறகு.