இயற்பியல் படிக்க மூன்று மா நிலத்தை ஒத்திக்கு விடலாமா?

கேள்வி: வலங்கைமான் பக்கம் ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) நஞ்சையில் விவசாயம் செய்கிறேன். வேறு வருமானம் இல்லை. மகள் முதல் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பிளஸ் டூவில் 600க்கு 541 எடுத்திருக்கிறாள். இயற்பியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். தரகர் ஒருவர், வெளியூர் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலோடு செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த புதிய பி.எஸ்சி. படிப்புக்கு இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆண்டுக்குக் கட்டணம் 1,40,000 ரூபாய், விடுதிக்கு 90,000 ரூபாய். மூன்று மாவை ஒத்திக்கு விட்டு, போதாததற்குக் கல்விக் கடன் வாங்கலாம் என்பது என் யோசனை. மகள் பெயரில் செல்வமகள் கணக்கில் 2,60,000 ரூபாய் இருக்கிறது. வீட்டில் 11 பவுன் நகை உண்டு. இயற்பியல் படித்தால் வேலையே இல்லை, என்ஜினீயரிங்கில் சேருங்கள் என்கிறார் என் மைத்துனர். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: ஒத்தி வேண்டாம். தரகருக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இந்த வாரமே திரும்பக் கேளுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் எல்லாக் கணக்கும் மூன்று ஆண்டோடு நின்றுவிடுகிறது. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. இயற்பியலில் பி.எஸ்சி. என்பது பாதி வழி. ஆசிரியராக வேண்டுமென்றால் அதன்மேல் இரண்டு ஆண்டு பி.எட். வேண்டும். ஆராய்ச்சிக்கோ கல்லூரிப் பணிக்கோ போக இரண்டு ஆண்டு எம்.எஸ்சி., அதற்கப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம். எப்படிப் பார்த்தாலும் ஐந்து ஆண்டுக்குக் குறையாது, ஏழும் ஆகலாம். சம்பாவுக்கு வைத்திருக்கும் விதைநெல்லைக் குறுவையிலேயே கொட்டித் தீர்க்கும் விவசாயி நீங்கள் இல்லை. ஆனால் படிப்புச் செலவில் அதைத்தான் செய்யப் பார்க்கிறீர்கள்.

தரகர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,30,000, மூன்று ஆண்டுக்கு 6,90,000. இதை முழுவதும் கல்விக் கடனாக, பத்து சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி சும்மா இருக்காது. நான்காம் ஆண்டு முடிவில் கடன் ஏறக்குறைய 9 லட்சமாக நிற்கும். பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் 11,900 ரூபாய். மகள் அப்போது எங்கே இருப்பார்? எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில், ஒரு ரூபாய் வருமானமில்லாமல். மேற்படிப்பைக் காட்டி வங்கியில் அவகாசம் கேட்கலாம். அவகாசம் கிடைத்தாலும் வட்டி ஏறிக்கொண்டேதான் போகும். கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று தரகர் சொல்லியிருப்பார், எல்லாத் தரகர்களும் சொல்வதுதான். வேளாண் வருமானத்துக்கு வரியே இல்லாதபோது அந்தச் சலுகையால் உங்களுக்கு ஒரு காசு லாபமில்லை.

ஒத்தியை ஊரில் வட்டியில்லாப் பணம் என்பார்கள். வட்டிக்குப் பதில் உங்கள் நிலத்தின் விளைச்சலைப் பணம் கொடுத்தவர் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான் வேறுபாடு. ஒன்பதில் மூன்று மா போனால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் நிலம் உங்கள் கைக்கு வராது. மீதி ஆறு மா வருமானத்தில் அந்த அசலை எப்படிச் சேர்ப்பீர்கள்?

இனி உள்ளூர்க் கணக்கு. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். மன்னார்குடியில் ராஜகோபாலசுவாமி அரசு கலைக் கல்லூரி, திருவாரூரில் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரி, தஞ்சையில் சரபோஜி கல்லூரி, பூண்டியில் புஷ்பம் கல்லூரி என்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் சுற்றிலும் இருக்கின்றன. அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் நடவுக் கூலியில் ஒரு நாள் செலவைத் தாண்டினாலே அதிகம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், ரெக்கார்டு நோட்டு, சாப்பாடு, கைப்பேசி எல்லாம் சேர்த்துத் தாராளமாகவே ஆண்டுக்கு 35,000 என்று போடுகிறேன். மூன்று ஆண்டுக்கு 1,05,000. மகள் அரசுப் பள்ளியில் படித்தவர் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கே வரும். அது மூன்று ஆண்டில் 36,000. அதைக் கழித்தால் உங்கள் கையிலிருந்து போவது 69,000 ரூபாய். தரகர் சொன்னதில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு.

மலிவாகக் கிடைப்பது மட்டமாக இருக்குமோ என்று தோன்றும். இயற்பியலைப் பொறுத்தவரை, இந்த இடத்தில் விலை கூடிய சரக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் கேட்பது இயற்பியல் பட்டம், அல்லது அதற்கு இணையானது என்று அரசு ஏற்ற பட்டம். பெயரில் கூடுதல் ஒட்டு இருந்தால் அது இணையானதுதானா என்ற கேள்வி வரும். ஆராய்ந்து பார்த்து, 'அரசு வேலைக்கு இது இணையானதல்ல' என்று அரசாணையே வெளியான பட்டங்கள் உண்டு. மகள் படித்து முடித்து, விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் நிற்கும் நாளில் அந்தக் கேள்வி எழுந்தால் தரகர் கூட வரமாட்டார். ஏழு லட்சம் கொடுத்து இந்தச் சிக்கலை விலைக்கு வாங்குவானேன்? பட்டத்தில் 'இயற்பியல்' என்ற ஒரே சொல் இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவைப் பிறகு எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு சொத்து உங்கள் வீட்டில் இருக்கிறது. அதை நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மகள் முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழி. தமிழ்நாடு அரசின் நேரடி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு. பள்ளியோடு அது முடிவதில்லை, பதவிக்கு வேண்டிய கல்வித்தகுதி முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஆங்கிலவழிப் பட்டத்தில் சேர்கிற நாளில் பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால், எந்த அரசுக் கல்லூரியில் இயற்பியல் தமிழ்வழியில் நடக்கிறது என்று பார்த்து அதை முதல் விருப்பமாகப் போடுங்கள்.

இலக்கு ஆராய்ச்சி என்றால் கதை வேறு. ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர நடக்கும் ஜாம் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் வரும். மூன்று மணி நேரம், அறுபது கேள்வி, நூறு மதிப்பெண். அந்த வழியில் போகிறவர் முதல் ஆண்டிலிருந்தே ஆங்கிலப் பாடநூல்களோடு பழகியாக வேண்டும். எந்த வழி என்று மகளிடம் கேட்டீர்களா? அதைக் கேட்காமல் இங்கே நானும் நீங்களும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதில் பாதி வீண்.

சேர்க்கை பற்றிச் சுருக்கமாக. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருந்தால் எங்கும் தடையில்லை. அரசுக் கல்லூரிக்கு ஒரே இணையவழி விண்ணப்பம்தான். தரவரிசைக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் விட்டுவிட்டு நான்கு பாடங்களை 400க்குக் கணக்கிடுவார்கள், ஆகவே 541ஐ வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அந்த நான்கின் கூட்டலைப் பாருங்கள். உள்ளே போனபிறகு இயற்பியல் மட்டும் படித்தால் போதாது. தமிழும் ஆங்கிலமும் உண்டு, துணைப்பாடமாகக் கணிதமும் வேதியியலும் வரும். இவற்றில் அரியர் விழுந்தால் உதவித்தொகையும் மேற்படிப்பும் சேர்ந்து அடிபடும். கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜன் உதவித்தொகையை இழந்ததே கணிதம் தவிர்த்த பாடங்களை விட்டதனால்தான். அவர் திறமையைக் கண்டுகொள்ளக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி கிடைத்தார். எல்லோருக்கும் கிடைப்பாரா?

மகள் க்யூட் நுழைவுத்தேர்வு எழுதியிருந்தால் உடனே சொல்லுங்கள். நீலக்குடியில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.க்கு அந்த மதிப்பெண் வேண்டும். பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் ஒரே இடத்தில் முடியும், நடுவில் மறுபடி சேர்க்கைக்கு அலைய வேண்டாம். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் இருக்கும் ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்குத் தனித் திறனறித் தேர்வு உண்டு. எழுதவில்லை என்றால் இந்த ஆண்டு அந்த இரண்டும் இல்லை, அதற்காக ஓராண்டு வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் என்ஜினீயரிங் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. பணத்தை மட்டும் பார்த்தால் அது பெரிய விஷயம், மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்டபிறகும் இயற்பியல்தான் என்றால் விட்டுவிடுங்கள். விருப்பமில்லாத படிப்பில் தங்கிப்போகும் அரியரும் செலவுதான்.

'வேலையே இல்லை' என்பது சரியல்ல. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய். முதுகலை ஆசிரியருக்கு 36,900. இரண்டுக்கும் இடையில் ஐந்நூறு ரூபாய்தான், ஆனால் முன்னதற்கு ஐந்து ஆண்டுப் படிப்பும் தகுதித் தேர்வும், பின்னதற்கு ஏழு ஆண்டுப் படிப்பும். ஆசிரியர் வாரிய அறிவிப்பு ஆண்டுதோறும் வராது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிப் பக்கம் போனால், நெட் தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறியவருக்கு மாதம் 37,000 கிடைக்கிறது. அதுவரை வீட்டுப் பணம்தான். ஆகவே பி.எஸ்சி.யை மலிவாக முடித்து, மிச்சப் பணத்தை அந்த இடைக்காலத்துக்கு வைத்திருக்கச் சொல்கிறேன்.

மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய், அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு. தேர்வு வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்தில் வந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். எல்லை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, அதற்குள் வந்தால் விண்ணப்பியுங்கள். கைக்கு வரும்வரை குடும்பக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

செல்வமகள் கணக்கைத் தொடாமல் விடுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததால் முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரை படிப்புக்கு எடுக்க முடியும், ஆனால் சேர்க்கைக் கடிதமோ கட்டண ரசீதோ காட்டும் அளவுக்குத்தான் தருவார்கள். உள்ளூர்க் கல்லூரியின் சில ஆயிரத்துக்காக அதைத் திறப்பானேன்? இப்போதைய 8.2 சதவீத வட்டி நீடித்தால் 2,60,000 மூன்று ஆண்டில் 3,29,000 ஆகும். அப்போது பாதி என்பது 1,64,000. எம்.எஸ்சி. விடுதிக்கும் கட்டணத்துக்கும் அது நல்ல தொடக்கம். கணக்கு உயிரோடு இருக்க ஆண்டுக்கு 250 ரூபாயாவது கட்டிவிடுங்கள்.

உங்கள் உண்மையான நெருக்கடி தொகையில் இல்லை, மாதத்தில்தான். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் உழவு, நாற்று, உரம் என்று கை காலியாகிற அதே நாட்களில்தான் கல்லூரிக் கட்டணமும் வரும். அப்போதுதான் நல்ல விவசாயியும் ஐந்து வட்டிக்குக் கை நீட்டுகிறார். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு மாசியில் பணம் வங்கியில் ஏறுகிற அன்றே 35,000 ரூபாயைத் தனியாகப் பிரித்து, ஜூன் முதல் வாரத்தில் முதிர்கிற குறுகிய கால வைப்பில் போட்டுவிடுங்கள். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனைக் கல்லூரிக்குத் திருப்ப வேண்டாம், உரிய தேதியில் கட்டினால் கிடைக்கும் வட்டிச் சலுகை அதனால் தவறிப்போகும்.

இந்த ஆண்டு மட்டும் மாசி கடந்துவிட்டது. முதல் பருவக் கட்டணத்துக்குக் கையில் இல்லையென்றால் நகையில் ஒரு பவுன் வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்து, குறுவை அறுத்ததும் மீட்டுக்கொள்ளுங்கள். மீதிப் பவுன்களை நான் எந்தக் கணக்கிலும் எடுக்கவில்லை. மகளுக்கு வெளியூரில் எம்.எஸ்சி. இடம் கிடைத்து, செல்வமகள் பணம் வருவதற்கு முன்பே கட்டணத் தேதி நெருங்கினால் அப்போது அவை தேவைப்படும்.