குட்டிப் பூனையின் மூச்சில் சத்தம்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவரின் பதில்களும்

கேள்வி: இரண்டு மாதப் பூனைக்குட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. தூங்கும்போது மூச்சில் ‘கொர்... கொர்...’ என்று சத்தம் வருகிறது. அவ்வப்போது தும்மல், மூக்கில் தண்ணீர் மாதிரி ஒழுகல். சாப்பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது, விளையாட்டு குறையவில்லை. ‘அது சந்தோஷத்தில் குர்ர் என்கிறது, விடு’ என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் உடனே ஓட வேண்டுமா, காத்திருக்கலாமா?

பதில்: தும்மலும் மூக்கொழுகலும் சேர்ந்திருப்பதால் பெரும்பாலும் இது சளிதான். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்த ராத்திரியே ஓட வேண்டிய நிலை தெரியவில்லை. ஆனால் நாளைக்குக் காட்டிவிடுங்கள். சாப்பாடு குறைந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். குட்டி அயர்ந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதன் விலாப்பக்கத்தைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். தூங்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இருக்கும், குட்டிக்குச் சற்றே கூடலாம். அசந்து தூங்கும்போதும் 40-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள். மீசையும் பாதமும் துடித்தால் குட்டி கனவு காண்கிறது, அப்போது மூச்சு தாறுமாறாக ஓடும். அது அடங்கியபின் எண்ணுங்கள்.

வீட்டில் சொல்லும் ‘குர்ர்’ எப்படி இருக்கும் என்றால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே சீராக, விட்டுப்போகாமல் ஓடும். கழுத்துக்குக் கீழே விரலை வைத்தால் அதிர்வு தெரியும். கவனம் வேறு பக்கம் திரும்பினால் நின்றுவிடும். சில குட்டிகள் பரிசோதனை மேஜையிலேயே குர்ர் என்று ஆரம்பித்துவிடும், எனக்கு இதயத்துடிப்பே கேட்காது. கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குழாயைத் திறந்துவிடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் காது விறைக்கும், குர்ர் நிற்கும். அந்த இடைவெளியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிடுவேன். நீங்களும் செய்து பாருங்கள். குழாயைத் திறந்தும் நிற்காத, ஆழ்ந்த தூக்கத்திலும் தொடர்கிற சத்தம் மூச்சுப்பாதையிலிருந்து வருவது. வலியிலும் பயத்திலும்கூடப் பூனை குர்ர் என்னும் என்பதால், அது கேட்கிறது என்பதற்காக நலமாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: சத்தம் எவ்வளவு பெரிது என்பதை வைத்து ஆபத்தை எடைபோடாதீர்கள். மூக்கடைத்த குட்டி, அடுத்த அறைக்குக் கேட்கும்படி கொர்கொர் என்று மூச்சு விட்டபடியே பந்தை உருட்டிக்கொண்டிருக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொண்ட குட்டியோ சத்தமே போடாமல் ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கும். என்னைப் பயமுறுத்துவது இரண்டாவது குட்டி. மூச்சு விட அது எவ்வளவு பாடுபடுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அடிவயிறு உள்ளே போய் வெளியே வருகிறதா? படுக்க முடியாமல், கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி உட்கார்ந்தே இருக்கிறதா? வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா? நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பது வழக்கம், பூனை அப்படிச் செய்யாது. வெறித்தனமாக ஓடி ஆடியபின் ஒரு நிமிடம் வாயைத் திறந்து மூச்சு வாங்கிவிட்டு அடங்கும் குட்டி உண்டு. அடங்காவிட்டாலோ, அடிக்கடி அப்படி ஆனாலோ இதயத்தையும் நுரையீரலையும் பார்த்தாக வேண்டும். சும்மா இருக்கும்போது வாயைத் திறந்தால் அவசரம்தான்.

உதட்டை லேசாக விலக்கி ஈறையும் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ, நீலம் பாரித்தோ, சாம்பலாகவோ இருந்தால் நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். கிளம்பும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டால் ஆக்ஸிஜனைத் தயாராக வைத்திருப்பார்கள். காற்றோட்டமுள்ள பெட்டியில் அதன் இஷ்டப்படி உட்காரவிட்டுக் கொண்டுபோங்கள். மார்போடு இறுக்கி அணைக்காதீர்கள், மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள். மூச்சுத் திணறும் நேரத்தில் வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போகும்.

சரி, உங்கள் குட்டியின் சளிக்கு வருவோம். பூனைகளின் சளிக்குப் பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸோ காலிசி வைரஸோ காரணம். குட்டிக்குத் தாயிடமிருந்தே ஒட்டியிருக்கலாம். ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் உடம்பிலேயே தங்கிவிடும். புது வீடு, பயணம், புது ஆட்கள் என்று குட்டி மிரளும்போது தலைதூக்கும். வந்து ஒரு வாரத்தில் சளி பிடித்ததில் ஆச்சரியமில்லை. சாதாரணமாக ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. மூக்கொழுகல் தண்ணீராக இருந்தது போய்க் கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம், அப்போது டாக்டர் அதைத் தரக்கூடும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தந்தால், விழுங்கியதும் கொஞ்சம் தண்ணீரோ உணவோ கொடுத்துவிடுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும் மருந்து அது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றாலோ, வாயில் புண் வந்து எச்சில் ஒழுகினாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணின் மேல்படலத்தில் ஹெர்பிஸ் புண் பண்ணும்.

வீட்டில் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. மூக்கில் காய்ந்து ஒட்டியிருப்பதை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடையுங்கள், பிய்க்காதீர்கள். குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் குட்டியோடு பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தைக் குட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். பூனை மோப்பம் பிடித்துச் சாப்பிடும் பிராணி. மூக்கடைத்தால் பசி இருந்தும் தட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஈர உணவை உடம்புச் சூட்டுக்குச் சூடுபடுத்தினால் வாசனை எழும்பும், பல குட்டிகள் அதற்கே எழுந்து வந்துவிடும். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். இந்த வயதில் எடை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறாமல் நின்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அரை நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை என்றால் நேரில் காட்டுங்கள். குட்டி உடம்பில் சேமிப்பு குறைவு, ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

மனிதர்களின் சளி மருந்து எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஒரு மாத்திரையின் துண்டே குட்டியைக் கொன்றுவிடும். மூக்கில் விடும் டிராப்ஸ், தைலம், யூகலிப்டஸ் எண்ணெய் கலந்த ஆவி, எல்லாமே ஆபத்து.

நாளைக்குப் போகும்போது தூக்கத்தில் வரும் சத்தத்தைப் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், விலாப்பக்கமும் தெரியட்டும். மருத்துவமனைக்குள் வந்ததும் பயத்தில் பாதிக் குட்டிகள் அந்தச் சத்தத்தைக் காட்டுவதே இல்லை.

கேள்வி: எங்கள் குட்டிக்கு நான்கு மாதம். சளி என்று சொல்லி இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மருந்து இருக்கும்வரை குறைகிறது, அப்புறம் அதே குறட்டைச் சத்தம். இப்போது தலையைச் சாய்த்துக்கொண்டு நடக்கிறது. தும்மலே இல்லை.

பதில்: தும்மல் இல்லாத, மருந்துக்கு அடங்காத குறட்டை, கூடவே தலைச்சாய்வு. இவை சேர்ந்தால் எனக்கு முதலில் தோன்றுவது பாலிப். நடுக்காதிலோ, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயிலோ முளைக்கும் சதை வளர்ச்சி அது, புற்றுநோய் இல்லை. இளம் பூனைகளில்தான் அதிகம். தொண்டைப் பக்கம் வளர்ந்தால் மூச்சையும் விழுங்குவதையும் மறிக்கும், காதுப் பக்கம் இருந்தால் தலை சாயும், காதில் சீழ் வரும். வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. மயக்கம் கொடுத்து, மேலண்ணத்தின் பின்பகுதியிலுள்ள மெத்தென்ற சதையான மென் அண்ணத்தை முன்னால் இழுத்து, அதற்குப் பின்னால் பார்க்க வேண்டும். பலவற்றை அப்போதே பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். திரும்ப முளைப்பதும் உண்டு, அப்போது காதில் அறுவைசிகிச்சை தேவைப்படலாம். மூன்றாவது முறை ஆன்டிபயாடிக்குக்குச் சம்மதிக்காமல், ‘அண்ணத்துக்குப் பின்னால் பார்க்கலாமா, காதையும் ஸ்கேன் எடுக்கலாமா’ என்று நேரடியாகக் கேளுங்கள்.

சத்தம் திடீரென்று ஆரம்பித்து, விடாத தும்மலும் முகத்தைக் காலால் தேய்ப்பதும் இருந்தால் அது வேறு கதை. தின்ற புல் இதழ் ஒன்று அண்ணத்துக்குப் பின்னால் மாட்டியிருக்கலாம்.

கேள்வி: பெர்சியன் குட்டி. முகம் சப்பையாக இருப்பதால் இந்த இனமே இப்படித்தான் சத்தமாக மூச்சு விடும் என்று கொடுத்தவர்கள் சொன்னார்கள். நிஜமா?

பதில்: சத்தம் இந்த இனத்தில் அதிகம் என்பது நிஜம். அதனால் பரவாயில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். மூக்குத் துவாரம் கோடு போல ஒடுங்கியும், சுருங்கிய முகத்துக்குள் எலும்பும் தசையும் நெருக்கியும் இருப்பதால் அந்தக் குட்டி காலம் முழுக்கச் சிரமப்பட்டே மூச்சு இழுக்கிறது. கொஞ்ச நேரம் விளையாடியதும் உட்கார்ந்துவிடுகிறதா, சாப்பிடும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் டாக்டரைப் பாருங்கள். துவாரத்தை அகலப்படுத்த ஒரு சிறு அறுவைசிகிச்சை இருக்கிறது, பல பூனைகளுக்கு நல்ல நிம்மதி தருகிறது. குண்டாக விடாதீர்கள், வெப்பத்தில் வைக்காதீர்கள்.

கேள்வி: தாயில்லாத, மூன்று வாரக் குட்டிக்குப் பாட்டிலில் பால் கொடுக்கிறேன். சில நேரம் மூக்கில் பால் குமிழியாக வருகிறது, அப்புறம் மூச்சில் களகள என்று சத்தம்.

பதில்: இதை இன்றைக்கே காட்டுங்கள். பால் நுரையீரலுக்குள் போயிருந்தால் ஓரிரு நாளில் நிமோனியா ஆகிவிடும், இந்த வயதில் அது வேகமாக முற்றும்.

எப்படிப் பிடித்துக் கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்தால் புரையேறும். தாயிடம் குடிக்கும்போது இருப்பதுபோல வயிறு கீழே, தலை சற்றே மேலே இருக்கட்டும். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாகக் கொட்டினால் காம்பின் ஓட்டை பெரிது. பாட்டிலை அழுத்தாதீர்கள், குட்டியே உறிஞ்சட்டும். உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடேற்றுங்கள், அப்புறம்தான் பால். எப்போது குடித்தாலும் மூக்கில் வருகிறது என்றால் மேலண்ணம் பிளந்திருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: குட்டியின் சளி எங்களுக்கோ வீட்டிலுள்ள பெரிய பூனைக்கோ ஒட்டுமா?

பதில்: ஹெர்பிஸும் காலிசியும் பூனைக்குள்ளேதான் பரவும், உங்களுக்கு வராது. பெரிய பூனைக்கு ஒட்டும். தடுப்பூசி போட்டிருந்தாலும் சளி வரலாம், ஆனால் லேசாகப் போகும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு மாதம் முடியும்வரையாவது போட வேண்டும். குட்டி தேறும்வரை தனி அறை, தனித் தட்டு, தனி மணல்தொட்டி. அதைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். காலிசி காய்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரணச் சோப்புநீரில் முழுசாக ஒழியாது. தட்டுகளைக் கழுவியபின் நீர்த்த பிளீச்சில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவைத்து எடுங்கள்.