மெட்டல் டிடெக்டரோடு கடற்கரைக்குப் போகலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் தம்பி மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறான். விடிவதற்கு முன்பே நார்த் பீச்சுக்குப் போய்த் தேடப்போகிறானாம். அடுத்த விடுமுறையில் போர்ட் எட்வர்ட் பக்கம் பழைய கப்பல் காசு தேடவும் திட்டம். போலீஸ் பிடிக்குமா? கிடைத்ததை வைத்துக்கொள்ளலாமா?"

அம்மா, நார்த் பீச்சில் உங்கள் தம்பி கவனமாக இருந்தால் போதும். போர்ட் எட்வர்டுக்கு அந்த மெஷினைக் கொண்டுபோகவே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

1552இல் கொச்சியிலிருந்து மிளகு ஏற்றிக்கொண்டு கிளம்பிய சாவோ ஜோவாவ் என்ற போர்ச்சுகீசியக் கப்பல் உடைந்தது அந்தக் கரையோரம்தான் என்று தொல்லியல் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிவப்புக் கார்னீலியன் மணியும் நகத்தளவு நீல வெள்ளைப் பீங்கான் சில்லும் அங்கே கரை ஒதுங்கியிருக்கின்றன. பார்த்ததும் கை நீளும், உண்மைதான். ஆனால் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம் (1999இன் 25ஆம் எண்) 60 வருடத்துக்கு மேற்பட்ட கப்பல் சிதைவையும் அதன் சரக்கையும் தொல்பொருள் என்கிறது. தொல்பொருள் அரசின் சொத்து. பெர்மிட் இல்லாமல் தொல்லியல் இடத்தில் தோண்டுவது குற்றம். அதுமட்டுமல்ல, உலோகம் கண்டுபிடிக்கிற கருவியை அங்கே கொண்டுபோவதே குற்றம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 'சும்மா கையில் வைத்திருந்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. பழைய இடுகாடுகளுக்கும் இதே விதிதான்.

மண்ணில் கிடக்கும் மற்ற பழம்பொருள்களுக்குக் கணக்கு 100 வருடம். ரேண்ட் வந்தது 1961இல், அதுவரை ஷில்லிங்தான். அதனால் ஷில்லிங் கிடைத்தால் முதலில் அதில் பொறித்த வருடத்தைப் பாருங்கள். நூறு தாண்டியிருந்தால் கிடந்த இடத்தைப் படம் எடுத்து, நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பாரம்பரியச் சின்னங்களைக் கவனிக்கும் அமாஃபா அமைப்புக்குத் தெரிவியுங்கள்.

இனி நார்த் பீச். நகராட்சிக்கென்று கடற்கரை விதிகள் இருக்கின்றன. முதல் நாளே லைஃப்கார்டு நிலையத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. தோண்டிய குழியை உடனே மூடுங்கள். காலையில் ஓட வருகிறவர்கள் கால் அதில்தான் மாட்டும்.

மோதிரமோ சங்கிலியோ கிடைத்தால்? அது யாரோ தொலைத்தது, வேண்டாமென்று எறிந்தது இல்லை. தெரிந்தே வைத்துக்கொண்டால் திருட்டு வழக்காகலாம். போலீஸ் நிலையத்தில் எஸ்ஏபிஎஸ் 13 என்ற, ஒப்படைக்கும் பொருள்களுக்கான பதிவேட்டில் எழுதச் சொல்லி, எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளில்லாத நேரத்தில் ஹெட்ஃபோன் மாட்டிக் குனிந்து தேடுகிறவருக்குப் பின்னால் ஆள் வருவதும் தெரியாது, அலை வருவதும் தெரியாது. இரண்டு பேராகப் போகட்டும், ஒரு காது திறந்திருக்கட்டும். வெறுங்கையால் மண்ணைக் கிளறவேண்டாம். உடைந்த கண்ணாடியும் ஊசியும் அதில் கிடக்கும். டர்பனில் பழைய பீரங்கி நிலைகள் இருந்திருக்கின்றன. துருப்பிடித்த குண்டு மாதிரி எது தெரிந்தாலும் தொடாமல் விலகி 10111க்குப் போன் செய்யுங்கள்.

மெஷின் பற்றியும் ஒரு வார்த்தை. உப்புநீர் மின்சாரம் கடத்தும். அதனால் ஈர மணலில் ஒற்றை அலைவரிசை மெஷின் ஓயாமல் கத்தும், தம்பி பழுதென்று நினைத்துவிடப் போகிறார். காய்ந்த மணலில் பழகட்டும். மெல்லிய தங்க மோதிரமும் கேன் மூடியின் வளையமும் ஏறத்தாழ ஒரே ஒலி தரும், ஆக நாள் முழுக்கக் குப்பைதான் வரும். துறைமுக வாயில் பக்கம் சேரும் மணலை வாரி இந்தக் கடற்கரைகளில் கொட்டுகிறார்கள், பழையது அடியில் புதைந்துவிடும். பெரிய அலை மணலை அரித்துக்கொண்டு போன மறுநாள்தான் ஏதாவது தட்டுப்படும்.

வடக்கே ஈசிமங்கலிசோ பக்கம் வேண்டவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பகுதி என்பது ஒரு காரணம். அப்புறம், கோடையில் பெருந்தலை ஆமையும் தோல்முதுகு ஆமையும் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. ஒரு மண்வெட்டி போட்டால் ஒரு கூடே போய்விடும்.

இன்னொன்று, இது சட்டம் இல்லை, என் மனசு. உம்கேனி ஆறு கடலில் கலக்கும் ப்ளூ லகூன் பக்கம் ஒருமுறை மெஷின் ஒலித்த இடத்தைக் கிளறினேன். ஒரு சின்னப் பித்தளை விளக்கு, திரி வைக்கும் மூக்கில் கரி இன்னும் ஒட்டியிருந்தது, பக்கத்தில் நாலு காசு. யாரோ தங்கள் பெரியவர்களின் அஸ்தியைக் கரைக்க வந்த குடும்பம். திரும்ப அதே குழியில் வைத்து மூடிவிட்டேன். அந்தக் கரையில் மட்டும் தம்பி மெஷினை அணைத்துவிடட்டும்.