செயலியை மாற்றச் சொன்னால் ஏன் கட்சி கேட்கிறார்கள்?

குடும்பக் குழுவில் இருப்பவர்களை வாட்ஸ்அப்பிலிருந்து சிக்னல் என்ற செயலிக்கு வரச் சொன்னபோது, "நீ இப்போது எந்தக் கட்சி?" என்று உங்கள் சித்தப்பா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பேசியில் எதை வைத்துக்கொள்வது என்ற சொந்த விஷயத்துக்குள் அரசியல் எப்படி நுழைந்தது என்பது உங்கள் கேள்வி. நான் வேலூர் சத்துவாச்சாரியில் வசிப்பவன். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். அங்கும் இங்கும் கண்டதை வைத்துச் சொல்வதானால், ஒருவர் எதையாவது வேண்டாம் என்று சொன்னதும் அதற்குப் பொருள் சொல்லும் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொருளும், வேண்டாம் என்றவர் யார் என்பதைப் பார்த்தே முடிவாகிறது. அரசியல் நுழையும் வழி அதுதான்.

தொழில்நுட்பத்தை முதலில் முடித்துவிடலாம். 2016 முதல் வாட்ஸ்அப் பயன்படுத்திவரும் மறையாக்க முறை (அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது) சிக்னலை உருவாக்கியவர்கள் வகுத்தது; செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே பூட்டுதான். யார், யாரோடு, எப்போது பேசினார் என்ற குறிப்புகளில்தான் வேறுபாடு. 2016இல் அமெரிக்காவில் நீதிமன்ற வழியாக ஒரு கணக்கின் விவரங்கள் கேட்கப்பட்டபோது, அந்தக் கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர சிக்னலிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. வாட்ஸ்அப்பின் உரிமையாளரான, விளம்பர வருவாயில் நடக்கும் மெட்டா அப்படி நடத்தப்படும் நிறுவனம் அல்ல. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தபோது உலகெங்கும் பெருங்கூட்டம் சிக்னலுக்குப் போனது. அந்த மாற்றத்தைத் திணித்த விதத்துக்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆகவே உங்கள் யோசனைக்கு நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் பூட்டு ஒன்றாகவே இருக்கும்போது, மிச்சம் இருப்பது யாரை நம்புவது என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் குடும்பக் குழுவில் போட்டால் அரசியலாகத்தான் கேட்கும்.

சித்தப்பாவின் காதுக்கு அப்படிக் கேட்கும் பழக்கமும் திடீரென்று வந்ததல்ல. 2020 ஜூன் மாதம் சீனாவுடன் நடந்த கல்வான் எல்லை மோதலுக்குப் பிறகு, 29ஆம் தேதி, டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளுக்கு மத்திய அரசு தடை விதித்தது. பாட்டுக்கு வாயசைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே இரவில் நாட்டுப்பற்றுத் தேர்வு எழுதவேண்டியதாயிற்று. (அந்தத் தேர்வின் வினாத்தாள் பெரும்பாலும் சீன நிறுவனக் கைப்பேசிகளிலிருந்தே அனுப்பப்பட்டது, அதை யாரும் கேட்கவில்லை.) 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் சோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்ற செய்திச் செயலியைப் பயன்படுத்தச் சொன்னார்கள். தென்காசி வரை அலுவலகம் வைத்திருக்கும் தமிழ்நாட்டு நிறுவனம் என்ற பெருமைக்காக அதை நிறுவியவர்களும், அமைச்சர்கள் சொன்னார்கள் என்பதற்காகவே நிறுவ மறுத்தவர்களும் எங்கள் தெருவிலேயே உண்டு. குறுஞ்செய்திகளுக்கு முழு மறையாக்கம் அப்போது அதில் இல்லை என்ற ஒரே பொருத்தமான செய்தியை இரு தரப்பும் பெரிதாகப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மறைத்து வைத்தல் என்பது படித்தவர்களின் புதுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்க்கலாம். மாட்டுச் சந்தைகளில் தரகரும் விற்பவரும் கைகளைத் துண்டுக்கடியில் விட்டு, விரல்களைப் பிடித்தே விலை பேசுவது நெடுங்கால வழக்கம். ஒரு விரலை அழுத்தினால் ஒரு தொகை, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இன்னொரு தொகை. துண்டுக்கு மேலே இரண்டு முகங்களிலும் ஒன்றும் தெரியாது. அடுத்த மாட்டுக்காரன் விலையைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக நடக்கும் இந்த ஏற்பாட்டை யாரும் அரசியல் என்று சொன்னதில்லை, ஏனென்றால் அங்கே எல்லோரிடமும் துண்டு இருக்கிறது. அதே சந்தையில் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் நிலைமை வேறு. ஆவணம் இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டு போகிறவரைப் பறக்கும் படை நிறுத்துகிறது. 2019இல் பணப் பட்டுவாடா புகாரால் மக்களவைத் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதி தனியாக நடந்த தொகுதி இது. இங்கே பையில் ரொக்கத்தோடு நிற்பவர் தன்னை விளக்கியே ஆகவேண்டும். யுபிஐ வந்தபின் அந்த விளக்கம் தேர்தல் இல்லாத காலத்துக்கும் நீண்டுவிட்டது. ஒரு ஜோடி மாட்டுக்கு ரொக்கம்தான் வேண்டும் என்று கேட்கிற விவசாயியிடம், "ஏன், கணக்குல காட்டமாட்டீங்களா?" என்று வாங்க வந்தவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். அந்த விவசாயிக்குப் பால் சங்கக் கடனைப் பிடித்துக்கொள்ளும் வங்கிக் கணக்கில் பணம் விழவேண்டாம் என்பது மட்டுமே கவலை.

வழக்கமாகச் செய்துவந்த ஒன்று, ஓர் ஆணை வந்ததும் அறிக்கையாக மாறிவிடும் என்பதற்கு எங்கள் கோட்டையே சான்று. மதராஸ் படையின் தலைமைத் தளபதி கிரடாக் காலத்தில், சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை அணியவேண்டும் என்று விதி வந்தது. அதற்கு முந்தைய நாள் வரை நெற்றியில் திருநீறு பூசிய சிப்பாய் எதையும் அறிவித்துக்கொண்டிருக்கவில்லை. மறுநாள் அதே திருநீறு கீழ்ப்படியாமை ஆயிற்று. 1806 ஜூலை 10 அன்று கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு அந்த விதிகள் கைவிடப்பட்டன; கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்க்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில், புதுக் கைப்பேசிகள் எல்லாவற்றிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலி (தொலைந்த கைப்பேசியை முடக்கவும் மோசடி பற்றிப் புகார் செய்யவும் உள்ளது) முன்கூட்டியே இருக்கவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டபோது எனக்கு அந்தத் தலைப்பாகைதான் நினைவுக்கு வந்தது. எதிர்ப்புக்குப் பின் டிசம்பர் 3 அன்று ஆணை திரும்பப் பெறப்பட்டது. கைப்பேசியில் என்னென்ன இருக்கிறது என்று அதுவரை எண்ணிப் பார்க்காதவர்கள்கூட அந்த வாரத்தில் ஒரு பக்கம் சேர்ந்திருந்தார்கள்.

இனி, யார் மறுக்கிறார் என்பது. நான் வேலை பார்த்த கம்பெனியில் அட்டை முறையை எடுத்துவிட்டு முகத்தைப் பார்த்து வருகை பதியும் கருவியைக் கொண்டுவந்தார்கள். ஆள் ஆளாக நிறுத்தி, நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று எனப் படம் எடுத்தார்கள். அப்பர் எனும் ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் லைனில் இருந்த ஓர் அம்மா, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்க்காமலே, "இந்தப் படம் எல்லாம் இன்னாத்துக்கு சார், எங்க போவுது?" என்று கேட்டார். சூப்பர்வைசர் ஒரு கணமும் யோசிக்காமல், "இன்னாம்மா, சங்கத்துல சேர்ந்துட்டியா?" என்றார். லைன் முழுவதும் அமைதியாகி, அந்த அம்மா துணியை அவிழ்த்துவிட்டுக் கருவிக்கு முன்னால் போய் நின்றார். அதே வாரம் டிசைன் பிரிவுப் பொறியாளர் ஒருவர் அதே கேள்வியை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பினார். படங்கள் எங்கே சேமிக்கப்படும், வேலையை விட்டபின் எப்போது அழிக்கப்படும் என்று மனிதவளப் பிரிவு அவருக்கு ஒரு பக்கப் பதில் எழுதியது. கூட்டத்தில் பாராட்டும் கிடைத்தது.

ஊருக்குள்ளும் இதுவே நடைமுறை. டெலிகிராம் வைத்திருக்கும் கல்லூரிப் பையனைப் பார்த்து, புதுப்படம் இறக்குகிறவன் என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள், மேல்விஷாரத்து முஸ்லிம் இளைஞன் ஒருவன் அதே செயலியை வைத்திருந்தால் சிரிப்பதில்லை.

தனியுரிமை என்பது வசதி படைத்தோரின் கவலை, ஏழைக்கு அரிசி போதும் என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. முன்னாள் நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகச் சொன்னதோடு, அது மேட்டுக்குடிக் கற்பனை என்ற வாதத்தையும் வெளிப்படையாகத் தள்ளியது. அடுத்த ஆண்டு ஆதார் வழக்கில், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோர வழிசெய்த 57ஆம் பிரிவின் பகுதி நீக்கப்பட்டது. மானியங்களுக்கு ஆதார் நிலைத்தது. குடியாத்தத்தில் பீடி சுற்றித் தேய்ந்த விரலை நியாயவிலைக் கடை இயந்திரம் ஏற்காதபோது, முந்தானையில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைக்கும் பெண்ணுக்கு எட்டியது தீர்ப்பின் இந்த இரண்டாம் பகுதிதான். விரல் வைக்கமாட்டேன் என்று அவர் கொள்கை பேசிவிட்டு வீடு திரும்ப முடியாது.

உங்கள் விஷயத்தில் நான் செய்வதைச் சொல்கிறேன். குடும்பக் குழுவை வாட்ஸ்அப்பிலேயே விட்டுவிடுங்கள். சித்தப்பாவின் பால்காரரும் கோயில் கமிட்டியும் பேரனின் பள்ளிக் குழுவும் அங்கேதான் இருக்கின்றன. அவரை மட்டும் பெயர்த்தெடுப்பது அவருக்கு உண்மையான செலவு, அதற்கு நீங்கள் ஈடு கொடுக்கப்போவதில்லை. மருத்துவ அறிக்கை, பட்டா, வங்கி விவரம் போன்றவற்றுக்கு, அவற்றை அனுப்பிக்கொள்ளும் இரண்டு மூன்று பேரை மட்டும் சிக்னலுக்கு அழையுங்கள். ஆதார் நகல் கேட்கும் இடத்தில், முதல் எட்டு இலக்கங்களை மறைத்துத் தரும் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக் கொடுங்கள். கட்சி எது என்று மறுபடி கேட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள்: நம் வீட்டுப் பேச்சிலிருந்து விளம்பரக்காரனுக்கோ அரசுக்கோ எவ்வளவு போகலாம் என்பதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது, அது அரசியல்தான், எந்தக் கட்சியின் அறிக்கையிலும் அதை நீங்கள் தேடி எடுக்கவில்லை. என் மைத்துனர் இதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் பேசவில்லை. பிறகு மறைத்த ஆதார் நகலை எப்படி இறக்குவது என்று கேட்டார், வாட்ஸ்அப்பில்.