வீட்டில் வண்டி வேலை கற்றுக்கொள்ள முதலில் எந்தக் கருவியை வாங்குவது?

கேள்வி கேட்டவர் தன் நிலையைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கராஜ் கிடையாது. பழைய ஜப்பான் கார் ஒன்று இருக்கிறது. ஸ்பேனர் செட் வாங்கக் கொஞ்சம் பணம் எடுத்து வைத்திருக்கிறார். எதை வாங்கி, எந்த வேலையில் கை வைத்துப் பழகுவது என்று கேட்கிறார்.

ஸ்பேனர் செட் இருக்கட்டும், முதலில் ஒரு மல்டிமீட்டர், அதாவது வோல்டேஜ் அளக்கிற மீட்டர், வாங்குங்கள். சாதாரண மீட்டர் போதும். ஒரு புது பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அது இல்லாமல் நான் பட்ட செலவு எனக்குத் தெரியும்.

நான் ரங்கூனில் தாம்வே பக்கம் இருக்கிறேன். பருப்பு மண்டியில் கணக்கு எழுதுவது தொழில். வண்டி, டொயோட்டா ப்ரோபாக்ஸ். இந்த ஊரில் டாக்சி ஓடுவதில் பெரும்பகுதி ஒரு காலத்தில் அதுதான், அதனால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள், எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றும். ஒரு பேட்டரிக் கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். மாற்றினேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் மறுபடி அதே 'டிக்'. இன்னொரு பட்டறையில் செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று விலை சொன்னார்கள். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டிவி, இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிற என் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும், "அளந்து பார்த்தீங்களா மச்சான்?" என்று ஒரே கேள்விதான் கேட்டான். இரண்டு கடைக்காரர்களும் அளக்கவில்லை. நானும் அளக்கச் சொல்லவில்லை.

பையிலிருந்து மீட்டரை எடுத்தான். அன்று செய்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வண்டியில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முள்ளை பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முள்ளை மைனஸிலும் தொட்டோம். 12.5 காட்டியது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 பக்கம் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது என்று பொருள். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதற்கும் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்படியென்றால் எங்கள் பேட்டரியில் குறையில்லை.

அடுத்து என் மகளை உள்ளே உட்கார வைத்தேன். "அப்பா, திருப்பவா?" "இரும்மா... ம், இப்போ!" செல்ஃப் முக்கும்போது பேட்டரி முனைகளில் 11.6. இந்த எண்ணைப் பார்த்ததும் மச்சான் தலையை ஆட்டினான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் விளக்கினான்: செல்ஃப் மோட்டார் சரியாக மின்சாரத்தை இழுத்தால் பேட்டரி அதைவிட நன்றாகவே கீழே இறங்கும், 10 பக்கம் வரும். பேட்டரியே சோர்ந்ததாக இருந்தால் 9.6-க்கும் கீழே விழும். இங்கே பேட்டரி இறங்கவே இல்லை, மோட்டாரும் சுற்றவில்லை. கொடுக்கத் தயாராக இருக்கிற மின்சாரம் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதாக அளந்ததுதான் முக்கியம். ஒரு முள்ளை பேட்டரியின் மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்தான். இரண்டும் கனமான எர்த் கேபிளால் இணைந்தவை, எனவே நடுவில் வோல்டேஜ் இருக்கவே கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 0.2 வரை போகலாம். மகள் சாவியைத் திருப்பினாள். 2.3.

12 வோல்ட்டில் இரண்டே கால் வோல்ட் ஒரு கேபிளிலேயே கரைந்து போகிறது! பேட்டரித் தட்டைக் கழற்றிப் பார்த்தோம். தட்டுக்குக் கீழே, எர்த் கேபிளை பாடியோடு பிடித்திருக்கும் போல்ட்டைச் சுற்றி மயில்துத்தம் மாதிரி பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தது. மழைத்தண்ணீர் வழிந்து நிற்கிற இடம் அது. 10 எம்.எம். ஸ்பேனரால் கழற்றி, வெந்நீரில் ஆப்பச்சோடா கரைத்து ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்தது. நன்றாகத் துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் கேபிள் முனையையும் பாடியின் இரும்பையும் பளபளவென்று வரும்வரை தேய்த்தேன். இறுக்கி முறுக்கிவிட்டு மேலே கிரீஸ் பூசினோம். மறுபடி அளந்தால் 0.1. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

புது பேட்டரி போட்டபோது மூன்று வாரம் ஓடியது ஏன் என்று அப்புறம் யோசித்தேன். டெர்மினலைக் கழற்றி மாட்டும்போது கேபிள் கொஞ்சம் அசைந்து, இரும்போடு தற்காலிகமாக ஒட்டியிருக்கிறது. நான் காசு கொடுத்து மாற்றிய பழைய பேட்டரி நல்ல பேட்டரி. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பாகத்தையும் அளந்து பார்க்காமல் மாற்றுவதில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-இலிருந்து 14.5-க்குள் இருந்தால், பெரும்பாலான வண்டிகளில் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற பாகம்) சரியாகச் சார்ஜ் ஏற்றுகிறது. ஓடும்போதும் 12.5-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். 15-க்கு மேலே போனால் பேட்டரி வெந்துவிடும், உடனே கவனிக்க வேண்டும். பட்டறைக்குப் போனாலும் இந்த எண்களைச் சொல்லிப் பேசுங்கள். பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. மீட்டரில் 10ஏ என்று எழுதிய ஓட்டையில் சிவப்பு வயரைச் செருகிக்கொண்டு பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டுவிடாதீர்கள். அது நேரடி ஷார்ட். அடுத்து, பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றி, மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போனால், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதை மறக்கக் கூடாது. கையில் மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

மீட்டர் வாங்கியாயிற்று என்றால் அடுத்த வேலையாக ஹெட்லைட்டைச் சொல்வேன். இதற்கு ஒரு சுவரும் அளவு டேப்பும் போதும். பர்மாவில் ஜப்பான் கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

காரணம் இதுதான். இந்த நாட்டில் 1970-இல் வண்டிகளை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். ஆனால் நம் கையில் இருக்கிற கார்களோ இடது பக்கம் ஓடுகிற ஜப்பானில் செய்தவை. ஸ்டீயரிங் வலது பக்கம் இருப்பதால் ஓட்டுபவர் நடைபாதை ஓரம் உட்கார்ந்திருக்கிறார். முந்தும்போது இடது பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொன்னால்தான் எதிரே வருவது தெரியும். இது எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம். விளக்கில் இருக்கிற கஷ்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஜப்பான் காரின் லோ பீம், அதாவது தாழ்த்திப் போடுகிற வெளிச்சம், சாலையின் இடது ஓரத்தில் நடப்பவர்களைக் காட்டுவதற்காக இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும்படி அமைந்தது. நம் சாலையில் எதிர் வண்டி வருவதும் அதே இடது பக்கம்தான். எனவே லோ பீமில் போனாலும் எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கிறோம். மழை இரவில், தெருவிளக்கும் அணைந்த சமயத்தில், சைக்கிளிலோ சைக்காவிலோ (பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டி ரிக்‌ஷா) வருகிற மனிதனுக்கு அந்த ஒரு நொடி ஒன்றும் தெரியாது.

எங்கள் தெருமுனையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். இங்கே வேலை தெரிந்தவரை 'சயா' என்றுதான் கூப்பிடுவோம், வாத்தியார் என்று அர்த்தம். அவர்தான் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். சமதரையில், சுவருக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒட்டுத்தாளால் ஒரு கோடு போடுங்கள். லோ பீமைப் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு தெரியும். அதன் சமமான பகுதி அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் விளக்கின் பின்னால் இருக்கிற திருகைத் திருப்புளியால் மெல்லத் திருப்பி இறக்குங்கள். நான் இன்னும் ஓரிரு சென்டிமீட்டர் கூடுதலாக இறக்கி வைத்திருக்கிறேன். தூரம் கொஞ்சம் குறையும், அதனால் இரவில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். இடது பக்க ஏற்றம் இதனால் முழுக்கப் போய்விடாது. அதற்கு வலது பக்கச் சாலைக்குச் செய்த விளக்கையே மாட்ட வேண்டும். கிடைத்தால் மாட்டிவிடுங்கள்.

கராஜ் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். நான் செய்வதெல்லாம் வீட்டு வாசலில், தார்ப்பாய் கட்டி, பலகைமேல் உட்கார்ந்துதான். கழற்றுகிற போல்ட்டைப் போட ஒரு எவர்சில்வர் தட்டு, இருட்டிவிட்டால் தலையில் மாட்டுகிற விளக்கு. திடீரென்று மின்சாரம் போகும், வேலை பாதியில் நிற்கும். அப்புறம் தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லா பி" என்று கத்துவார்கள், விளக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

மின்சாரம் என்றதும் ஜெனரேட்டரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது வண்டிக்கு அடுத்தபடி வீட்டில் அதிகம் கெடுவது அதுதான். சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்கும் பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருப்பதுதான் காரணம். பல நாள் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகிவிடும், அடைப்பு வராது. அதை மூடிய அறைக்குள்ளோ மாடிப்படிக்குக் கீழேயோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். தண்ணீர் ஊற்றுகிற இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குடிதண்ணீரில் இருக்கிற உப்பு தகடுகளைத் தின்றுவிடும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரங்கூன் நகரத்துக்குள் 2003 முதல் அதற்குத் தடை, எனவே என்னிடம் கிடையாது. ஆனால் மோல்மேனில் என் அண்ணன் வீட்டில் ஒன்று இருக்கிறது. அங்கே கொட்டுகிற மழை ரங்கூன் மழையைவிட ரொம்ப அதிகம். செயின் ஒரு வாரத்தில் துருவேறும். போகும்போதெல்லாம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, தொய்வைப் பார்த்துவிட்டு வருவேன். நடுவில் விரலால் தூக்கினால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் அசைவது பெரும்பாலான சின்ன வண்டிகளுக்குச் சரி.

பிரேக்கை மட்டும் முதல் வேலையாக எடுக்காதீர்கள். தெரிந்தவர் பக்கத்தில் இருந்து இரண்டு மூன்று தடவை செய்த பிறகு எடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர் மழைக்காலமோ ஐந்து மாதம். எனவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அதே மாதிரி, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும், அதுவும் உறுதியான தரையில். மழையில் ஊறிய மண்ணில் ஸ்டாண்டின் கால் இறங்கிவிடும், கனமான பலகையை அடியில் போடுங்கள். உங்கள் ஸ்பேனர் பணத்தில் ஒரு பகுதியை ஸ்டாண்டுக்கு ஒதுக்குங்கள். ஸ்பேனரில் 8, 10, 12, 14, 17 இருந்தால் ஜப்பான் காரில் முக்கால்வாசி வேலை முடியும்.

என் மகள் இப்போது மீட்டரைத் தானே பிடித்துக்கொள்கிறாள், சாவியைத் திருப்புவது நான். ஒவ்வொரு வருஷமும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்து, மழை பிடிப்பதற்குள் எர்த் கேபிளை அளந்து தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறோம். இந்த வருஷம் 0.15. போன வருஷம் 0.1 இருந்தது, அதனால் போல்ட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். உங்கள் வண்டியிலும் பேட்டரித் தட்டுக்குக் கீழே அந்தப் போல்ட்டைத் தேடிப் பாருங்கள். என்ன எண் வருகிறது என்று இங்கே எழுதினால், அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.