எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் உண்டா?

உங்கள் தம்பி கைபேசியில் வந்த செய்தியைப் படித்தபடியே வண்டி ஓட்டி, சாலையைக் கடந்தவரின் காலை முறித்துவிட்டார். வேண்டுமென்று செய்யாததைக் குற்றம் என்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண்ணம் இல்லை என்பது மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடாது. ஆபத்து கண்ணெதிரே தெரிந்தும் அதை அவர் பொருட்படுத்தாமல் விட்டாரா என்பதே முதன்மையான கேள்வி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, திரையைப் பார்க்கும் இரண்டே நொடிகளில் ஏறத்தாழ 33 மீட்டரைக் கடந்துவிடும். அத்தனை தூரமும் அவர் சாலையைப் பார்க்கவே இல்லை. கண்ணில் தூசி விழுந்து தடுமாறியவரை அவரோடு ஒப்பிட முடியாது.

பிள்ளை வளர்ப்பிலும் இதே அளவுகோல்தான். அசதியில் ஒருநாள் வாசற்கதவைத் தாழிட மறந்த தாயைத் தண்டிப்பதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் கொளுத்தும் வெயிலில், தெரிந்தே குழந்தையைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போகிறவரின் செயல் மறதி ஆகாது.

1937-இல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை, ஓட்டுநர் ஒருவரால் உயிர் போன வழக்கில், இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவு எண்ணமின்றி உயிர் போக்கிய குற்றத்துக்குப் போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று வரையறுத்தது. அடிபட்டவர் உயிர் பிழைத்துக் காயத்தோடு நின்றதால், உங்கள் தம்பியின் வழக்கில் சட்டப்பிரிவும் தண்டனையும் வேறாகவே இருக்கும். ஆகவே வழக்கறிஞரிடம் கைபேசி விவரத்தை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.