அமெரிக்காவில் இலையுதிர் காலத்தில் குடிக்கும் பம்ப்கின் ஸ்பைஸ் மில்க்‌ஷேக்கை வீட்டிலேயே கெட்டியாகச் செய்ய முடியுமா?

முடியும். மதுரையில் இலையுதிர் காலம் கிடையாது, ஐப்பசி மழைதான். ஆனால் அந்த ருசிக்கு வேண்டியதெல்லாம் கீழமாசி வீதியிலேயே கிடைக்கும்: பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய். பம்ப்கின் ஸ்பைஸ் என்பது பூசணிப் பை (pie) என்ற அமெரிக்கப் பலகாரத்துக்குப் போடும் மசாலாதான். 2003-இல் ஸ்டார்பக்ஸ் காபிக்கடை கொண்டுவந்த பம்ப்கின் ஸ்பைஸ் லாட்டே என்ற பால் காபியில் 2015 வரை பூசணியே இல்லை! மில்க்‌ஷேக்குக்குப் பூசணி போட்டால்தான் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

முதல் தடவை நான் பூசணியைக் குக்கரில் தண்ணீர் விட்டு வேகவைத்தேன். வந்தது மில்க்‌ஷேக் இல்லை, இனிப்பு போட்ட கூட்டு. பூசணியில் ஏற்கெனவே தண்ணீர் அதிகம், அதில் இன்னும் தண்ணீரா? இப்போது நன்றாகப் பழுத்த மஞ்சள் பூசணியில் கால் கிலோ கீற்றை, தோலோடு இட்லிச் சட்டியில் ஆவியில் வேகவைக்கிறேன். சதையைக் கரண்டியால் வழித்து மசித்து, வெறும் வாணலியில் சின்னத் தீயில் கிளற வேண்டும். நீர் சுண்டி, விழுது வாணலியில் ஒட்டாமல் உருண்டு வரும்போது லேசாக அல்வா வாசனை எழும். அதுதான் பதம்.

அப்புறம் பால். கெட்டித்தன்மை ஐஸ்கிரீமில் இருந்து வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஜிகர்தண்டா குடித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அது வற்றக் காய்ச்சிய பாலில் இருக்கிறது. அரை லிட்டர் கொழுப்புள்ள பாலை, ஓரத்தில் படியும் ஏட்டைச் சுரண்டிவிட்டுக்கொண்டே பாதியாகச் சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவிடுங்கள்.

இனிப்புக்குக் கருப்பட்டி. கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, பாலைப் போலவே ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் ஊற்றினால் திரிந்துவிடும். எனக்கு அரை லிட்டர் பால் அப்படித்தான் போனது.

மிக்ஸியில் பூசணி விழுது நாலு மேசைக்கரண்டி, குளிர்ந்த பால், கருப்பட்டிப் பாகு மூன்று மேசைக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, சுக்குத்தூள் கால் தேக்கரண்டி, ஒரு கிராம்பின் தூள், ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா ஐஸ்கிரீம் இரண்டு கரண்டி. ஐஸ்கட்டி வேண்டாம், நீர்த்துவிடும். இரண்டு டம்ளர் வரும்.

ஜாதிக்காயில் மட்டும் கை அடங்கட்டும். நான் ஒருமுறை தாராளமாகத் துருவிப் போட்டுவிட்டேன். ஒரு வாய் குடித்ததும் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “என்னடா, பச்சப்புள்ளைக்குக் குடுக்கிற உரைமருந்து வாசம் அடிக்குது” என்றார். அதிலிருந்து துருவுவதே இல்லை. அவருடைய பழைய உரைகல்லிலேயே இரண்டு சொட்டுப் பால் விட்டு, இரண்டே இழைப்பு.